கோழிக்குப் போட்ட பேறுகால மருந்து

சேசு மரி சூசை துணை

வேம்பார்

அன்பு மகள் விஜிலாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், கோழிகள் எங்களைவிடச் சுகம், அது எதனால் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாயிருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொன்னால் நீ சிரித்துவிடுவாய், நான் அழுதுவிடுவேன், சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகும். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

உன் பேறுகாலத்துக்கு வர எனக்கு விசா கொடுக்கவில்லை. சரி, ஆள் வராவிட்டால் மருந்தாவது போய்ச் சேரட்டும் என்று விளாத்திகுளம் நாட்டு மருந்துக் கடைக்கு பஸ் ஏறிப் போய், சுக்கு, திப்பிலி, ஓமம், சித்தரத்தை எல்லாம் பொறுக்கி வாங்கி, காயவைத்து வறுத்து இடித்துச் சலித்து டப்பாவில் அடைத்து வைத்தேன். உன்னோடு வேலை பார்க்கும் ஷெர்லி லீவு முடிந்து திரும்பும்போது கொண்டுவருவதாக ஏற்பாடு. அதைச் சொல்லப் போன் போட்டால் நீ என்ன சொன்னாய்? "நான் நர்ஸும்மா, இங்கன இதெல்லாம் யாரும் திங்கமாட்டாங்க, பேசாம கோழிக்குப் போடுங்க" என்றாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். ஆனால் போன் ஸ்பீக்கரில் இருந்தது, பக்கத்தில் உன் அப்பா இருந்தார்.

அவரை உனக்குத் தெரியாதா? ஹார்பர் வேலையிலிருந்து ரிட்டையர் ஆனபிறகு கொல்லையில் முட்டைக்கோழி வளர்ப்பதே அவருக்கு உத்தியோகம். தீவனத்தில் மஞ்சளும் பூண்டும் வெந்தயமும் கொஞ்சம் சேர்த்தால் கோழிக்கு நல்லது என்று யாரோ வீடியோவில் சொன்னதைப் பார்த்த நாள்முதல் என் அஞ்சறைப்பெட்டி காலி. குழம்புக்கு மஞ்சள் தேடினால் அது கோழியின் அலகில் இருக்கிறது. அப்படிப்பட்டவர் காதில் இதைப் போடலாமா? நான் பூசைக்குப் போய்த் திரும்புவதற்குள் டப்பா முழுவதையும் கம்பு மாவிலும் கருவாட்டுத் தூளிலும் கலந்து வைத்துவிட்டார். கேட்டால், "ஏளா, பிள்ளதான சொல்லுச்சு, நான் என்ன கள்ளத்தனமாவா எடுத்தேன்" என்கிறார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை, சோறு மட்டும் வைத்தேன். ஒரு கோழிகூட முகம் சுளிக்கவில்லை, தட்டைச் சுரண்டித் தின்றன. முட்டைக் கரு நல்ல நிறமாயிருக்கிறது என்று உடைத்துக் கொண்டுவந்து காட்டினார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை நான்.

அவர் மேலிருந்த கோபம் ஆறிவிட்டது. உன் மேல்தான் ஆறவில்லை. உன்னைப் பெற்றுப் படுத்திருந்தபோது நான் தின்ற மருந்தடி அது. நீ நர்ஸ் என்றால் நான் உனக்கு அம்மா இல்லை என்று ஆகிவிடுமா?

மறுபடியும் இடித்து ஷெர்லி கையில் கொடுத்துவிட்டேன். என்னென்ன சேர்த்தேன் என்று டப்பாவின் மேலேயே எழுதியிருக்கிறேன், டாக்டரம்மாவிடம் காட்டிக் கேள், வேண்டாம் என்றால் தின்னாதே, அதற்கு நான் கோபிக்கமாட்டேன். குளிரில் வெறுங்காலோடு நடக்காதே, காதைத் துணியால் கட்டிக்கொள். இங்கே முட்டையிட்டு இறங்குகிற கோழிக்கு முன்னால் கிண்ணத்தோடு நிற்க உன் அப்பா இருக்கிறார். என் பிள்ளை பெற்று எழும்போது, கருப்பட்டியில் பிசைந்து ஓர் உருண்டை வாயில் போட அங்கே யார் இருக்கிறார்கள்?

மாதா உன்னையும் பிள்ளையையும் தன் மடியில் வைத்துக் காக்கட்டும். டப்பா கிடைத்ததும் போன் போடு. இந்தமுறை ஸ்பீக்கரில் போடமாட்டேன்.

உன் அம்மா,
அமலோற்பவம்