தவறவிட்ட பொருட்கள் அறையிலிருந்து

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உனக்கு முதுகுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாதம் உனக்கு ஐந்து நாள் வெளியூரில் பயிற்சியாம், மாமாவுக்கும் லீவு கிடைக்காதாம், குட்டியை எங்கே விடுவது என்று தேடுகிறாயாம். அம்மா சொன்னாள். என்னிடம் விடு. இதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். போனில் என்றால் இதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசிவிட்டு வைத்துவிடுவேன்.

இதைப் படிக்கும்போது உன் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். இரண்டு வருடம் முன்பு நீ ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தபோது, அவளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரச் சொன்னாய். நேரத்துக்குத்தான் கிளம்பினேன். வழியில் அவளுக்குக் கலர் பென்சில் வாங்கக் கடைக்குள் நுழைந்தேன். அங்கே சரிந்து கிடந்த அலமாரியைக் கடைக்காரரோடு சேர்ந்து அடுக்க ஆரம்பித்துவிட்டேன். குழந்தை ஆறு மணி வரை பள்ளி கேட்டுக்கு உள்ளே தனியாக நின்றாள். நீ கத்தவில்லை. 'இனிமே உன்கிட்ட எதையும் நம்பிக் குடுக்க மாட்டேன்' என்று மட்டும் சொன்னாய். சொன்னபடியே இருக்கிறாய். உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

போன வருடம் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தேன். உனக்குச் சொல்லவில்லை, வெட்கமாக இருந்தது. ஏ.டி.எச்.டி. என்றார், கவனம் ஒன்றிலேயே நிற்காத கோளாறாம். குழந்தைகளுக்குத்தானே வரும் என்று கேட்டேன். அந்தக் குழந்தைகள் வளராமலா இருப்பார்கள் என்று கேட்டுச் சிரித்தார். முப்பத்தெட்டு வயதில் எனக்குப் பெயர் வைத்த மாதிரி இருந்தது. மாத்திரை சாப்பிடுகிறேன். இதைச் சாக்காகச் சொல்லக் கூடாது என்றும் அவரே கண்டித்துச் சொன்னார். கூடவே, எனக்கு நன்றாக வரக்கூடிய பத்து விஷயங்களை எழுதிவரச் சொன்னார். ஒரு வாரம் உட்கார்ந்து 'சிரிக்க வைப்பேன்' என்று ஒன்றே ஒன்று எழுதினேன். பிறகு அந்தத் தாளையும் தொலைத்தேன்.

வேலை விஷயமும் உனக்குத் தெரியாது. பேருந்து நிலையத்தில் ஓட்டுநர்களுக்குப் பணிப்பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன் இல்லையா, ஒருநாள் ஒரே வண்டிக்கு இரண்டு ஓட்டுநர்களைப் போட்டு, அடுத்த வண்டியை அம்போ என்று விட்டுவிட்டேன். மேலாளர் தலையில் அடித்துக்கொண்டு, தவறவிட்ட பொருட்கள் அறைக்கு என்னை மாற்றினார். தொலைக்கிறவளையே அங்கே உட்கார வைத்துவிட்டார்களே என்று நிலையமே சிரித்தது. நான் வீட்டுக்கு வந்து அழுதேன்.

ஒரு ஜன்னல், நான்கு இரும்பு அலமாரிகள், கணக்கில்லாத குடைகள். எனக்கு முன்னால் இருந்தவர் எல்லாவற்றுக்கும் எண் கட்டி வைத்துவிட்டு, யாராவது வருவார்களா என்று பார்த்திருப்பார். எனக்குத்தான் சும்மா இருக்க வராதே. முதல் வாரம் ஒரு எக்ஸ்ரே உறை வந்தது. பெயர்ச்சீட்டு கிழிந்திருந்தது. உள்ளே குழந்தையின் ஒற்றைக் காலுறை, பிரிக்காத பிஸ்கட் பாக்கெட். பார்த்த உடனே எனக்கு மொத்தமும் ஓடிவிட்டது. குழந்தை அழுதிருக்கும், காலுறை கழன்றிருக்கும், இறங்க வேண்டிய இடமும் வந்திருக்கும். ஆனால் உறையைத் தொலைத்தவருக்கு அதெல்லாம் ஞாபகமே இருக்காது. எக்ஸ்ரே எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டோம் என்று அடித்துப் பேசுவார். ஏனென்றால் நானும் அப்படித்தான் பேசுவேன். உறையில் அச்சிட்டிருந்த எக்ஸ்ரே நிலையத்தின் எண்ணுக்குப் போன் செய்து, அங்கே யாராவது சண்டை போட்டால் இங்கே அனுப்புங்கள் என்றேன். சண்டை ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது.

அரை மணி நேரத்தில் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். மறுநாள் குழந்தைக்கு ஆபரேஷனாம். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதிலிருந்து அதுதான் என் வேலை. தொலைத்தவர் முதலில் எந்தத் தப்பான இடத்துக்குப் போய்த் தேடுவார் என்று யோசித்து, அங்கே சொல்லிவைப்பது. மாதம் பத்துப் பொருள் திரும்பிப் போனால் பெரிது என்றிருந்த அறையிலிருந்து போன மாதம் அறுபத்து மூன்று போயிருக்கிறது. பதிவேடு எழுதுவதற்குள் எனக்கு உயிர் போய்விடும். அதனால் அதை நிலையத்துக் காவலாளி அண்ணன் எழுதுகிறார், அவருக்குப் பிடிக்காத புகார் போன்களை நான் எடுக்கிறேன். டாக்டரம்மாவுக்காக எழுதி நான் தொலைத்த அந்தத் தாளுக்கும் அவர் எண் கட்டி அலமாரியில் வைத்திருந்தார். என் ஒற்றை வரிக்குக் கீழே 'தொலைச்சவங்க மனசு தெரியும்' என்று எழுதியும் இருந்தார். பத்தில் இன்னும் எட்டு பாக்கி இருக்கிறது, வரட்டும்.

இனிமேல் மறக்கவே மாட்டேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன். அதை உன்னிடம் நூறு தடவை செய்தாகிவிட்டது. ஆனால் நான் எப்படி மறப்பேன் என்று இப்போது எனக்குத் தெரியும். போகிற வழியில் கடைக்குள் நுழைந்தால் மறப்பேன். அலாரத்தை அணைத்துவிட்டு மறப்பேன். அவளுக்கும் அப்போது பள்ளி விடுமுறைதான், அதனால் அந்த ஐந்து நாளும் காலையில் என்னோடு அலுவலகம் வருவாள், என்னோடுதான் திரும்புவாள். மேலாளரிடம் கேட்டுவிட்டேன். அவளை விட்டுவிட்டு ஒரு பத்து நிமிடம்கூட எங்கேயும் போக மாட்டேன். சாப்பாட்டு நேரத்துக்குக் காவலாளி அண்ணன் மேசையைத் தட்டுவார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். போன வாரம் போனில் பேசியபோது, நீ அந்தப் பக்கம் போன நேரம் பார்த்துக் குட்டி மெதுவாகக் கேட்டாள்: 'சித்தி, அன்னைக்கு நான் கேட்டுக்கு வெளிய வந்து நின்னிருந்தா உங்களுக்கு ஞாபகம் வந்திருக்குமா?'

இத்தனை நாளாகத் தான் நின்ற இடம்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், அக்கா. அப்படியில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நீ வந்து போனை வாங்கிவிட்டாய். அவள் சரியான இடத்தில்தான் நின்றாள் என்று நீயும் சொல்லலாம்தான். ஆனால் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து நான்தான் சொல்ல வேண்டும்.

அதற்காவது அனுப்பு.

உன் தங்கை