இரும்பு படாத பாத்தி

மதினி,

இன்று காலை கொல்லையில் கடப்பாரை கல்லில் பட்ட சத்தம் கேட்டது. ‘ணங்’ என்று ஒரே ஒரு சத்தம்தான். அடுப்பில் பால் பொங்கப் போகிறது என்று தெரிந்தும் அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். குழாய் பதிக்க அண்ணன் வரச்சொல்லியிருந்த ஆள், நம் உருளைக்கிழங்குப் பாத்தியின் ஓரத்தில் நின்று இரண்டாவது குத்துக்குக் கடப்பாரையைத் தூக்கியிருந்தார். நான் போட்ட கூப்பாட்டில் பாவம், அவர் இரண்டடி பின்னால் குதித்தார். “என்னக்கா, பாம்பா?” என்றார். ஆமாம், பாம்புதான், நாளைக்கு வாங்க என்று அனுப்பிவைத்தேன்.

பிறகு துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய் எத்தனையோ வருஷமாகிறது. உங்கள் சேலைகள்கூட நைந்து கரித்துணியாகிவிட்டன. இந்தப் பயம் மட்டும் நேற்றுப் பிடித்தது போலப் புதிதாக இருக்கிறது.

தெருவுக்கு ஒன்றிரண்டு செல்போன் வந்திருந்த காலம் அது. பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் போன அண்ணன், தீபாவளி கழிந்து அரைச் சாக்கு விதைக்கிழங்கோடு திரும்பினார். “இது ஜோதி ரகம். மலையில ஒரு செடிக்கு ஒரு மடி காய்க்குதாம். நம்ம கொல்லையில போட்டுப் பாப்பம்” என்றார். தெருவே சிரித்தது. ஆமத்தூர்ப் பக்கத்து வெயிலில் உருளைக்கிழங்கா என்று ஆளாளுக்குக் கேலி. அண்ணன் காதில் வாங்கவில்லை. கிழங்குக்கு ரெண்டு கண் இருக்கிற மாதிரி நறுக்கி, வெட்டுவாயில் சாம்பல் தொட்டு, ஒரு சாண் இடைவெளியில் ஊன்றினோம். ராத்திரிப் பனிக்குச் செடி ஜம்மென்று எழுந்துவந்தது. புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்து மூலையில் முடங்கிக் கிடந்த என்னை, நீங்கள்தான் “ஏ புள்ள, எந்திரிச்சு வா, வந்து செடியப் பாரு” என்று இழுத்துக்கொண்டு போவீர்கள்.

தீபாவளி முடிந்து, நீங்கள் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியைப் பூட்டியிருந்தார்கள். உங்களுக்குக் கை சும்மா இருக்காது. வெடிக்குள் நெருப்பைக் கொண்டுபோகிற கருந்திரியை வீட்டிலேயே செய்து தரச்சொல்லி ஒரு ஆள் கேட்டபோது சரியென்று சொல்லிவிட்டீர்கள். வெடிமருந்து வீட்டுக்குள் வரக்கூடாது என்று இருக்கன்குடி மாரியம்மன் முன்னால் அண்ணன் உங்களிடம் சத்தியம் வாங்கியிருந்தார். லோடு இறக்கப் போன இடங்களில் அவர் பார்த்த தீவிபத்துகள் அப்படி. ஆகையால் அவர் லாரியேறிய பிறகுதான் நீங்கள் மருந்தைத் தொடுவீர்கள். எனக்கு மட்டும் தெரியும்.

ஒரு நாள் அண்ணன் பாதிப் பாத்திக்கு மண் அணைத்துவிட்டு, மீதியை உங்களிடம் சொல்லிவிட்டு வெளியே போயிருந்தார். பக்கத்து ஊரில் திரி செய்த வீடு ஒன்று முந்தின நாள் எரிந்து போயிருந்தது. அதனால் வீடு வீடாகச் சோதனை. போலீஸ் ஜீப் நம் தெருவுக்குள் திரும்பிவிட்டது என்று யாரோ கத்தினார்கள். நான் வாசலில் நின்று, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, இல்லாத கதையெல்லாம் பேசி நேரத்தைக் கடத்தினேன். அவர்கள் கொல்லைக்கு வந்தபோது நீங்கள் முழங்கை வரை மண்ணோடு, செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தீர்கள். “உருளைக்கிழங்கா? இங்க விளையுமா?” என்று ஒருவர் ஆச்சரியப்பட்டுவிட்டுப் போனார்.

ஜீப் போனதும்தான் சொன்னீர்கள். திரிக்கட்டும், மருந்து இருந்த பால் பவுடர் டப்பாவும் பாத்திக்குள் போய்விட்டன. பொழுது சாய்ந்ததும் எடுத்துக் கிணற்றில் போட்டுவிடலாம் என்றீர்கள்.

ஆத்தாடி, அதற்குள் அண்ணன் வந்துவிட்டார்! நீங்கள் அணைத்திருந்த மண் கோணல்மாணலாக இருக்கிறதென்று மண்வெட்டியை எடுத்தார். நாம் இருவரும் முருங்கை மரத்தடியில் நின்றோம். அந்த மண்ணில் சரளைக்கல் எத்தனை கிடக்கும், இரும்பு பட்டு ஒரு பொறி பறந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மண்வெட்டி ஒவ்வொரு முறை இறங்கும்போதும் நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்து நெரித்தீர்கள். “நான் செஞ்சுக்கிடுதேன், விடுங்க” என்று நீங்கள் சொன்னதற்கு, “நீ செஞ்ச லட்சணத்தத்தான் பாத்தேனே” என்று சிரித்தார். மேலாகத்தான் கொத்தினார், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எல்லா வரிசையும் ஒன்றுபோல் ஆகிவிட்டது. எந்தச் செடிக்குக் கீழே வைத்தோம் என்று உங்களுக்கே தெரியவில்லை. தோண்டித் தேடினால் அண்ணன் ஆசையாக வைத்த செடி சாகும், அவருக்கும் தெரிந்துபோகும்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நாம் நிம்மதியாக மூச்சுவிட்டதாக எனக்கு நினைவில்லை. பீடி பற்றவைத்துக்கொண்டு அண்ணன் கொல்லைப் பக்கம் போனால் நீங்கள் ஏதாவது சொல்லிக் கூப்பிட்டுவிடுவீர்கள். செடி வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. கேலி செய்தவர்களெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வருகிற ஒவ்வொருவரின் செருப்பையும் நான் பார்த்துக்கொண்டு நின்றேன், லாடம் அடித்திருக்கிறதா என்று.

தை பாதியில் இலை மஞ்சளாகிப் படுத்தது. இனித் தண்ணீரை நிறுத்த வேண்டும், அப்போதுதான் கிழங்கின் தோல் இறுகும், இல்லையென்றால் அழுகிவிடும் என்று மலையில் சொல்லியனுப்பியிருந்தார்கள். அண்ணன் நிறுத்தினார். மண் வெளுத்துக் காயக் காய, மருந்தும் காய்ந்துபோகுமே என்று உங்களுக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணன் குளிக்கப் போகிற நேரம் பார்த்து, குடம் குடமாகக் கொண்டுபோய் ஊற்றினீர்கள். “டப்பா மூடி இறுக்கமால்ல இருக்கு, தண்ணி எப்படி உள்ள போகும்?” என்று கேட்டேன். “துருப்பிடிச்சு ஓட்ட விழுந்திருக்கும் புள்ள. ஊத்தாம இருந்தா எனக்கு மண்டைக்குள்ள எரியுது” என்றீர்கள். மறுநாளிலிருந்து நானும் ஒரு குடம் தூக்கினேன்.

கிழங்கெடுக்கிற அன்று அண்ணன் மண்வெட்டியோடு வந்தார். நீங்கள் வழியை மறித்து நின்றது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. “இரும்பு பட்டா கெழங்கு வெட்டுப்படும், வெதைக்கு ஆகாது. கையாலதான் எடுக்கணும்” என்றீர்கள். அவர் ஒத்துக்கொண்டார். மூன்று பேரும் குனிந்து விரலால் தோண்டினோம். நகக்கண்ணில் மண் ஏறியது. விரலில் உருண்டையாக எது தட்டுப்பட்டாலும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. எல்லாம் கிழங்கு, மதினி! ஒரு செடிக்குக் கீழே ஒரு மடி. ஓரத்துக் கிழங்குகள் மட்டும் ஈரத்தில் அழுகியிருந்தன.

நடு வரிசையில் நீங்கள் சட்டென்று நின்றீர்கள். திரிக்கட்டு ஊறி நைந்து கிடந்தது. ஒரு திரி சுற்றிக்கொண்டதில், ஒரு கிழங்கு இடுப்பைக் கயிற்றால் கட்டியது போல வளர்ந்திருந்தது. அண்ணன் மறுபக்கம் குனிந்திருந்தார். நீங்கள் அதை முந்தானையில் சுருட்டித் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டுவிட்டு வந்து மறுபடி தோண்டினீர்கள். டப்பா கிடைக்கவில்லை. “இம்புட்டு காய்ச்சிருக்கு, மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்க?” என்று அண்ணன் கேட்டார். தெருவுக்கெல்லாம் கிழங்கு கொடுத்தார். நாம் இருவரும் ஒரு துண்டுகூட வாயில் வைக்கவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் அதே பாத்தியில் உருளைக்கிழங்குதான் போடவேண்டும் என்று அடம்பிடித்தீர்கள். கையால் தோண்டித் தேடுவதற்கு உங்களுக்கு வேறு சாக்கு ஏது? உங்களுக்குக் கிழங்கென்றால் உயிர் என்று அண்ணன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். கம்பெனியில் எத்தனையோ சீசன் மருந்தறையில் உட்கார்ந்து எழுந்து வந்த நீங்கள், கடைசியில் ஒரு மஞ்சள்காமாலையில் போனீர்கள். மதுரை ஆஸ்பத்திரியில் என்னை அருகில் கூப்பிட்டு, “அங்கன தண்ணி ஊத்திக்கிட்டே இரு. உங்க அண்ணனுக்குத் தெரிய வேண்டாம், பயந்துருவாக” என்றீர்கள்.

ஊற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். தினமும் மத்தியானம், அண்ணன் கண்ணயர்ந்த பிறகு. ஒரு முறை கல்யாணத்துக்குச் சாத்தூர் போய் நாலைந்து நாள் தங்க வேண்டியதாகிவிட்டது. பதறியடித்து ஓடிவந்து பார்த்தால் சித்திரை வெயிலிலும் மண் ஈரமாக இருந்தது. மாரியாத்தாதான் பார்த்துக்கொண்டாள் என்று கும்பிட்டேன். நாம் விட்ட பொடிக்கிழங்கு ஒன்றிரண்டு இப்போதும் பனிக்காலத்தில் தானாக முளைக்கிறது.

இன்று குழாய்க்காரரை அனுப்பிய பிறகு, குழாய்க்கு வாய்க்காலை நானே தோண்டிவிடுவது என்று முடிவு செய்தேன். இரண்டு குடம் ஊற்றிவிட்டு, மண்டியிட்டு விரலால் பறித்துக்கொண்டிருந்தேன். பின்னால் அண்ணன் வந்து நின்றது தெரியவில்லை. “பாம்புன்னு சொன்னியாமே? வாய்க்கால நானே தோண்டித் தாரேன், நீ கை வைக்காதன்னு அவன்ட்ட சொல்லித்தான் வச்சிருந்தேன்” என்றார். அவர் என் கையைப் பார்த்தார். பிறகு பாத்தியோரம் செருப்பைக் கழற்றி வைத்தார், மருந்தறை வாசலில் கழற்றுவது போல.

“தண்ணி பத்தாது. நான் காலையில ஊத்துனது காஞ்சிருக்கும்” என்றார்.

“நீங்க எதுக்குண்ணே ஊத்துனீக?”

“அவதான் சொன்னா, ஆஸ்பத்திரியில. தங்கச்சிக்குத் தெரிய வேண்டாம், அது பயந்துரும்னு.”

அடிப்பாவி மதினி! எனக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. விடிகாலையில் அவரும் மத்தியானத்தில் நானுமாக, ஒருவருக்கொருவர் ஒளித்து, வெறும் மண்ணுக்கு இத்தனை வருஷம் தண்ணீர் ஊற்றியிருக்கிறோம். அண்ணன் எனக்கு எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தார். பொழுது சாயும்வரை இருவரும் விரலால் தோண்டினோம். இரண்டு பொடிக்கிழங்கு கிடைத்தது. டப்பா இன்னும் கிடைக்கவில்லை. இருட்டத் தொடங்கியதும் ஆளுக்கொரு குடம் ஊற்றிவிட்டு வந்தோம். குழாய்க்காரர் நாளைக்கு வருவார். அவரிடம் என்ன சொல்வது என்று அண்ணன் உள்ளே யோசித்துக்கொண்டிருக்கிறார். நகத்திலிருந்து மண் போகாத கையோடு நான் இதை உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.