கால்சியம் பற்றி நீ சொல்லாத பாதி

கோரமண்டல்,
கோலார் தங்கவயல்.
14.10.2024

அன்பு மகள் லவினாவுக்கு அப்பா வால்டர் எழுதுவது. கர்த்தர் கிருபையால் நான் சுகம். அம்மா சுகமில்லை.

மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் "லேப்ல இருக்கேன்ப்பா" என்று வைத்துவிட்டாய். வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். கேட்காமலே கட்டைவிரல் படம் போட்டாய். காகிதத்துக்குக் கட்டைவிரல் காட்ட முடியாது. உட்கார்ந்து படி.

ஜூலையில் அம்மாவுக்குத் தைராய்டு ஆபரேஷன் ஆனபோது நான்கு நாள் வந்திருந்தாய். ஒரு மாலை காலண்டர் தாளின் பின்பக்கம் நரம்பு செல்லை வரைந்து உன் ஆராய்ச்சியை விளக்கினாய். செல்லுக்குள் கால்சியம் பூட்டி வைத்த அறை உண்டு. சேதி வந்தால் கதவு திறந்து கொட்டும். உணர்வு நரம்பில் அளவு மீறிக் கொட்டினால் வலி நிற்காது என்றாய். அம்மா அந்தத் தாளை மடித்து பைபிளுக்குள் வைத்துக்கொண்டாள்.

செப்டம்பரில் அவளுக்கு உதட்டோரமும் விரல் நுனியும் எறும்பு ஊர்வதுபோல் இருந்திருக்கிறது. போனில் உன்னைக் கேட்டாள்: "கால்சியம் ஜாஸ்தியானா நரம்பு கஷ்டம் பண்ணுமா பாப்பா?" "ஆமாம்மா, அதான் என் வேலையே" என்றாய். ஏன் கேட்கிறாய் என்று நீ கேட்கவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு தினமும் போடச் சொல்லியிருந்த கால்சியம் மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டாள். என்னிடமும் சொல்லவில்லை.

ஆறாம் தேதி, ஆராதனை முடிந்து வந்தவளுக்கு இரண்டு கையும் மடங்கி விறைத்துக்கொண்டன. விரல்களை என்னால் பிரிக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு மஞ்சுநாத்தான் ஆட்டோவில் கொண்டுபோனான். ஆஸ்பத்திரியில் ஊசி வழியாக ஏற்றியது அதே கால்சியம்தான். ரத்தத்தில் அது குறைந்தால் நரம்புகள் தாமாகவே துடிக்கும், செல்லுக்குள் கொட்டுவது வேறு என்றார் டாக்டர். இன்னொரு முறை வந்தால் கையோடு நிற்காது, மூச்சுக்குழல் இறுகலாம் என்றார். இதெல்லாம் உனக்குத் தெரியும்.

வீடு வந்த மூன்றாம் நாளே மறுபடி நிறுத்திவிட்டாள். "அந்த டாக்டருக்கு இன்னா தெரியும்? எம்பொண்ணு ஆறு வருஷமா இதையே படிக்கிது" என்கிறாள். நான் வாய் திறந்தால், "நீ கல்லுல ஓட்ட போட்ட ஆளு, சும்மா இரு" என்கிறாள். இன்று காலையும் உதட்டைத் தடவிக்கொண்டிருந்தாள்.

கல்லில் ஓட்டை போட்டவனாகவே சொல்கிறேன். இருபத்திரண்டு வருஷம் தங்கச் சுரங்க ஷாஃப்டில் இறங்கினேன். வெடிமருந்து வைத்த குழி ஏதாவது வெடிக்காமல் நின்றுவிட்டால், எந்த லெவல், எத்தனையாவது குழி என்று அடுத்த ஷிப்ட்காரனுக்குச் சொல்லாமல் எங்களில் ஒருவனும் மேலே வரக் கேஜ் ஏறமாட்டான். பசியானாலும் பண்டிகையானாலும் அதுதான் முறை. எட்டாம் வகுப்பு தாண்டாதவர்கள் நாங்கள். நீ பாதியைச் சொல்லிவிட்டு பங்காருபேட்டையில் பூனா ரயில் ஏறிவிட்டாய்.

இது கிடைத்த அன்றே அம்மாவுக்குப் போன் செய். கை விறைத்தது தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. உன் படிப்பு கெடும், சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். மீதிப் பாதியை அவளுக்குப் புரியும் தமிழில், நிதானமாகச் சொல். அவள் விழுங்கும் வரை போனை வைக்காதே.

கர்த்தர் உன்னையும் உன் வேலையையும் ஆசீர்வதிப்பாராக. மாத்திரையும் ஒரு தம்ளர் தண்ணீரும் போன் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

அப்பா