நாளைக்குப் பசியாற வாங்க

அக்டோபர் 5, ஞாயிறு. நாள் முழுக்க மழை.

இதை எடுத்தது யாரோ தெரியவில்லை. நோட்டு அட்டையில் 'வேதியியல்' என்று எழுதியிருப்பது பொய். இந்த வரியோடு மூடிவிடுங்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன். மூட மனசு வராவிட்டால் படித்துவிட்டு மறந்துவிடுங்கள். அப்பாவிடம் மட்டும் காட்டாதீர்கள். எடுத்ததே அப்பா என்றால்... அப்பா, ப்ளீஸ்.

காலையிலிருந்து தண்ணீர்மலை தெரியவில்லை. மேகம். தேவாலயப் பூசைக்கு அப்பாவின் மோட்டார் சைக்கிளில் நனைந்துகொண்டே போய், நனைந்துகொண்டே வந்தோம். வழியெல்லாம் அப்பா பேசியது: "பிடிச்சுக்கோ." பிறகு, "இறங்கு." மதியம்: "சோறு இருக்கு." இன்றைக்கு இவ்வளவுதான்.

அம்மா சிங்கப்பூரில் தாதி வேலை. மாதத்துக்கு ஒரு தடவை வருவார். மற்ற நாளெல்லாம் பினாங்கில், இந்தப் பன்னிரண்டாம் மாடி வீட்டில் நானும் அப்பாவும், ஓடிக்கொண்டே இருக்கும் காற்றாடியும்.

ஏன் இப்படி ஆனது என்று எழுதிவைக்கிறேன். மார்ச் மாதம், சரித்திரம் படிக்கிறேன் என்று சொல்லிவிட்டு போர்வைக்குள் 'நங்கூரத் தெரு' தொடர் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்து ஜார்ஜ்டவுன் துறைமுகம், மூட்டை தூக்குகிறவர்கள், கள்ளுக்கடை, குண்டர் கூட்டம். சரித்திரம்தானே! ஆனால் பதினெட்டு வயசுக்கு மேல் என்று போட்டிருக்கும். எனக்குப் பதினாறு. அப்பா போர்வையை இழுத்த நேரம் பார்த்து, கள்ளுக்கடையில் ஒருத்தன் விரலை வெட்டுகிறார்கள்.

"பொய் சொல்லிட்டு இதையா பாக்குற?"

அடிக்கவில்லை. கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டார். "இன்னொரு தடவ பொய் சொல்லி மாட்டுனேன்னா நிபோங் திபால் அத்த வீடுதான். அங்கேருந்தே பள்ளிக்கூடம் போய்க்க."

அத்தை வீடு: சுற்றிலும் செம்பனைத் தோட்டம், காலையும் மாலையும் ஜெபமாலை, இணையம் கிடையாது. அங்கே போனால் இந்தப் பள்ளி இல்லை, என் தோழி ஃபரீதா இல்லை. அப்பாவோடு பேசாமல் இருப்பதற்குக்கூட அப்பா இல்லை.

கைப்பேசி திரும்பி வந்துவிட்டது. பேச்சுதான் வரவில்லை.

நான் தொடரை நிறுத்தவும் இல்லை.

அக்டோபர் 6, திங்கள். வெயில், பிறகு மழை.

கணிதச் சோதனை. சுமார். பக்கத்து வீட்டு அக்கா தீபாவளி முறுக்கு ஆரம்பித்துவிட்டார், மின்தூக்கி வரை வாசம்.

கைப்பேசியில், தொடரின் ரசிகர் குழுவில் ஒரே சண்டை. கடைசி சீசன், வெள்ளிக்கிழமை கடைசிப் பகுதி. போன வாரம் முடிந்த இடம் இது: கதாநாயகி செவந்தியின் புருஷனைக் கொன்றவர் கங்காணி. மூன்று சீசனாக அவள் காத்திருக்கிறாள். கொட்டுகிற மழையில் அவர் வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். இடுப்பில் கத்தி. கதவு திறக்கிறது. அவள் சொல்கிறாள்: "நாளைக்குப் பசியாற வாங்க."

திரை கறுப்பு.

மதுரைப் புயல் (மதுரைக்காரர், எல்லாம் தெரியும் என்பார்): "செம்ம பன்ச்! அவளோட பழிவாங்குற பசி ரத்தத்துல ஆறப்போகுது! கங்காணி காலி!"

இருபது பேர் அதற்கு நெருப்புப் படம்.

பட்டர்வொர்த் அக்கா: "ஐயோ தம்பி, பசியாறன்னா நாஸ்தாலா! காலையில ரொட்டி, கோப்பி! எங்க ஊருல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம்."

மதுரைப் புயல்: "கொலகாரன டிபனுக்குக் கூப்புடுவாளா? என்னக்கா நீங்க!"

நாகூர் பாய்: "எங்க ஊர்லயும் பசியாறுறதுன்னா சாப்புடுறதுதான். கங்காணிக்கு இடியாப்பம் உண்டு."

நான் எழுதினேன்: "செவந்தி பினாங்கில் பிறந்தவள். அவள் பசியாற வா என்றால் பசியாற வா என்றுதான் பொருள். கத்தி எடுத்து வந்தவள், கதவு திறந்ததும் மனம் மாறிவிட்டாள். அவள் கண்ணைப் பாருங்கள்."

உடனே மதுரைப் புயல்: "கிட்டங்கி அண்ணே சொன்னா யோசிக்கணும்தான்."

கிட்டங்கி அண்ணே நான்தான். குழுவில் சேரும்போது பெண் என்று தெரியக்கூடாது, வயசு தெரியக்கூடாது என்று 'கிட்டங்கிக்காரன்' என்று பெயர் வைத்தேன். தொடரில் செவந்தி ஒளிந்திருக்கும் சரக்குக் கிட்டங்கி ஞாபகமாக. பேச்சுத் தமிழில் எழுதினால் மாட்டிக்கொள்வேன் என்று பள்ளிக் கட்டுரை போல எழுதினேன். எழுத எழுத எனக்கு வயசு ஏறிவிட்டது. முதலில் அண்ணன். பிறகு சிலர் ஐயா. போன மாதம் மதுரைப் புயல் எனக்கு முட்டிவலித் தைலம் சிபாரிசு செய்தார். நன்றி சொன்னேன். வேறென்ன சொல்வது?

அக்டோபர் 7, செவ்வாய். வெயில்.

இரவுச் சாப்பாடு: அப்பா கடையிலிருந்து தாப்பாவ் கட்டி வாங்கி வந்த நாசி கண்டார் சோறு. எனக்குப் பிடித்த கணவாய் தனியாகக் கட்டியிருந்தது. "சாப்பிடு" என்று மேசையில் வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார். நன்றி என்று கதவிடம் சொன்னேன்.

குழுவில் மழைக்கோட்டு என்று ஒருவர் இருக்கிறார் (இனி ம.கோ.). பினாங்குக்காரர். என்னோடு அதிகம் மோதுகிறவர், ஆனால் மரியாதையாக. இன்று திடீரென்று எழுதினார்:

"சண்டை போதும். ஒன்னு கேக்கணும். என் மக இந்தத் தொடர ஒளிஞ்சு பாத்தா. ஏசிட்டேன். அப்படி என்னதான் இருக்குன்னு அன்னிக்கு ராத்திரி நானும் ஒரு பகுதி பாத்தேன். அவ்ளோதான். இப்ப கடைசி சீசன்ல நிக்கிறேன். ஆனா அவ எங்கிட்ட பேசறதில்ல. ஏசுன வாயால எப்படிப் போய் 'செவந்தி என்ன செய்வா'ன்னு கேக்கறது?"

சிரித்துவிட்டேன். ஊரெல்லாம் இப்படி அப்பாக்கள்தான் போல.

மதுரைப் புயல்: "நல்ல சுடிதார் ஒண்ணு எடுத்துக் குடுங்க சார்."

பட்டர்வொர்த் அக்கா: "சுடிதார் எடுத்தா அளவு தப்பா இருக்கும். அப்புறம் அதுக்கும் பேச மாட்டா."

ம.கோ.: "கிட்டங்கி அண்ணே, உங்களுக்குப் பிள்ளைங்க இருக்கா? நீங்க சொல்லுங்க."

நான் அண்ணனைப் போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு (உண்மையிலேயே செருமினேன்) எழுதினேன்: "அவள் உங்கள் மேல் கோபமாக இல்லை, பயமாக இருக்கிறாள் என்று நினைக்கிறேன். பிள்ளைகளுக்கு இரண்டும் ஒரே முகம்தான்."

அதற்கு அவர் வெகுநேரம் கழித்து: "எனக்கும் அப்படித்தான் அண்ணே. பயந்துட்டேன். அன்னிக்குக் கோபம் மாதிரி வந்துருச்சு."

நல்ல மனுசர். அவர் மகள் கொடுத்துவைத்தவள்.

அக்டோபர் 8, புதன்.

போர்வைக்குள் எழுதுகிறேன். எழுத்து இப்படி இருப்பது அதனால்தான்.

குழுவில் ம.கோ. எழுதினார்: "இன்னிக்கு வேலை முடிய லேட்டு. இப்பத்தான் ரொட்டிக்கு ஞானஸ்நானம் கொடுத்துட்டு உக்காந்திருக்கேன். இன்னும் ரெண்டு நாள் எப்படித் தள்ளுறது?"

படிக்கும்போதே சமையலறையில் கோப்பை வைக்கும் சத்தம்.

ரொட்டியைக் கோப்பியில் முக்கிச் சாப்பிடுவதை ஞானஸ்நானம் என்று உலகத்தில் வேறு யாரும் சொல்ல மாட்டார்கள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சித்தி மகனுக்கு ஞானஸ்நானம் நடந்தது. மறுநாள் காலையில் என் ரொட்டி முழுசாக அப்பாவின் கோப்பிக்குள் விழுந்துவிட்டது. அழப்போனேன். அப்பா கோப்பைக்கு மேலே சிலுவை வரைந்து, "ஞானஸ்நானம் ஆச்சு. என்ன பேரு வைக்கலாம்?" என்றார். அம்மா சாமி குத்தம் என்று ஏசினார். ரொட்டிக்கு அந்தோணி என்று பெயர் வைத்துத் தின்றோம்.

மழைக்கோட்டு. அப்பா.

செவந்தி செத்தால் வேலைக்கு எம்சி (நோய் விடுப்பு) போடுவேன் என்று எழுதியவர், அப்பா. "கிட்டங்கி அண்ணே இல்லாட்டி இந்தக் குழுவே இல்ல" என்று எழுதியவர், அப்பா. அப்பாவுக்குப் போய், பிள்ளைகளுக்கு இரண்டும் ஒரே முகம் என்று பாடம் சொன்னது, நான்.

விளக்கை அணைத்துவிட்டேன். கைப்பேசி வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

அக்டோபர் 9, வியாழன். மழை வரும்போல, வரவில்லை.

பள்ளி உணவகத்தில் ஃபரீதாவிடம் சொன்னேன். ஃபரீதாவின் அத்தா கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர், எங்கள் குழுவில் அவரும் உண்டு. அவள் எதற்கும் பயப்பட மாட்டாள். மீ கோரெங் வாயில் இருக்கும்போதே கத்தினாள்.

"உங்கப்பாவா? அந்த மழக்கோட்டு மாமாவா? யா அல்லா, எங்கத்தாவுக்கு அவருன்னா உயிரு!"

"மெதுவா பேசுலா!"

"சொல்லிருடி."

"சொன்னா நிபோங் திபால்."

"அவரும்தான பாக்குறாரு! அவர எந்த அத்த வீட்டுக்கு அனுப்புறது?"

சிரிப்பு வந்தது. ஆனால் அவளுக்குப் புரியவில்லை. அப்பாவுக்குத் தொடர் பெரிசில்லை, பொய்தான் பெரிசு. மார்ச்சில் ஒரு பொய். இப்போது அதைவிடப் பெரிய பொய்: மனசில் இருந்ததையெல்லாம் ஒரு பெரிய மனுசரிடம் சொல்வதாக நினைத்துச் சொன்னாரே, அது நான் என்று தெரிந்தால்? கோபம் வந்தால் அத்தை வீடு. வெட்கம் வந்தால் அதைவிட மோசம். இனிமேல் "சோறு இருக்கு" கூட வராது.

"அப்ப சொல்லாத," என்றாள் ஃபரீதா. "இப்படியே இரு. இப்படியே நல்லாத்தான இருக்கு?"

மணி அடித்துவிட்டது.

இரவு அப்பா தொலைக்காட்சியில் செய்தி பார்ப்பது போல உட்கார்ந்திருந்தார். நான் தண்ணீர் குடிப்பது போல நின்றேன். அவர் வாய் திறந்தார். நான் பார்த்தேன். "மழை வராதுபோல," என்றார். "ம்," என்றேன். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாதவர்களைப் போல அறைக்குப் போனோம்.

குழுவிலிருந்து விலகு என்ற பொத்தானைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அழுத்தவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி. பெரிய மழை.

பார்த்தாயிற்று. முடிந்துவிட்டது. முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

கங்காணி வந்தார்! வெள்ளைச் சட்டை, கையில் தொப்பி. செவந்தி பலகையைப் போட்டு உட்காரச் சொன்னாள். ரொட்டி, கோப்பி. அவர் தொடவில்லை. விஷம் என்று நினைக்கிறார். அவள் இடுப்பிலிருந்து கத்தியை உருவினாள் (தலையணையைக் கடித்துக்கொண்டேன்), ரொட்டியை நறுக்கினாள், அவர் தட்டிலிருந்து ஒரு துண்டு எடுத்துத் தான் முதலில் தின்றாள். பிறகு சொன்னாள்: "உங்கள மன்னிக்கல. ஆனா எம் பிள்ளைங்க இனிமே இந்தத் தெருவுல பயந்து நடக்கக்கூடாது. சாப்பிடுங்க." அவர் சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே அழுதார். ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

கத்தி வெளியே வந்தபோது "ஐயோ!" என்று நான் தலையணைக்குள் கத்தினேன். கொஞ்ச நேரம் கழித்துச் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு "ஐயோ!" அவர் கைப்பேசியில் படம் என்னுடையதைவிடத் தாமதமாக ஓடுகிறது. அதன்பிறகு நான் பாதி செவந்தியைப் பார்த்தேன், பாதி சுவரைக் கேட்டேன். கங்காணி அழும்போது நான் மூக்கை உறிஞ்சினேன். காத்திருந்தேன். சுவரும் மூக்கை உறிஞ்சியது.

குழுவில்: மதுரைப் புயல், "டிபனுக்குத்தான் கூப்ட்டிருக்கா. தோத்துட்டேன். அழுதுட்டேன். யாரும் பேசாதீங்க."

நாகூர் பாய்: "இடியாப்பம் இல்லைங்கறதுதான் ஒரே குறை."

ம.கோ.: "கிட்டங்கி அண்ணே, நீங்க சொன்னதே நடந்துச்சு. செவந்திக்கு ஒரு நிமிசத்துல வந்த தைரியம் எனக்கு இத்தன மாசமா வரல. சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கா என் மக. நான் என்ன சொல்லிக் கூப்பிடறது?"

எழுதினேன், அழித்தேன். எழுதினேன், அழித்தேன். கிட்டங்கிக்காரன் நல்ல தமிழில் எழுதினால் யாருக்கும் தெரியாது. இப்படியே இருக்கலாம். இப்படியே நல்லாத்தான இருக்கு?

கடைசியில் நான் பேசுவது போலவே எழுதி அனுப்பிவிட்டேன்:

"பசியாறக் கூப்பிடுங்க. கோப்பி மட்டும் கலக்குங்க. ரொட்டிக்கு நானே ஞானஸ்நானம் கொடுத்துக்கறேன். அந்தோணின்னே பேரு வைக்கலாம்."

மதுரைப் புயல்: "அண்ணே? என்னண்ணே ஆச்சு? தண்ணி போட்ருக்கீங்களா?"

பட்டர்வொர்த் அக்கா: "கிட்டங்கி அண்ணன் வேதக்காரரா? சொல்லவே இல்ல!"

ம.கோ. படித்துவிட்டார் என்று காட்டுகிறது.

பதில் இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கமும் சத்தம் இல்லை.

அக்டோபர் 11, சனி. இன்னும் விடியவில்லை. மழை விட்டிருக்கிறது.

தூங்கவில்லை. புத்தகப்பையை ஒரு தடவை பார்த்தேன். அத்தை வீட்டுக்கு அது போதுமா, பெரிய பை வேண்டுமா? பிறகு அந்த யோசனையை நிறுத்திவிட்டேன். அனுப்பியது அனுப்பியதுதான். திரும்ப எடுக்க மனசில்லை. பயமாக இருக்கிறது, ஆனால் இந்தப் பயம் வேறு மாதிரி, பரிசளிப்பு விழாவில் பெயர் கூப்பிடுவதற்கு முன்னால் இருக்குமே, அது மாதிரி.

பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடிந்தது.

அப்பாவின் கதவு. செருப்புச் சத்தம். என் அறையைத் தாண்டிப் போகிறது. சமையலறை விளக்கு. தண்ணீர் கொதிக்கிறது. பால் டின்னில் கரண்டி. ஒரு கோப்பை. நிறுத்திவிட்டார். எழுதாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இன்னொரு கோப்பை.

திரும்பி வருகிறார். நின்றுவிட்டார், என் கதவுக்கு வெளியே. மூச்சு கேட்கிறது. தொண்டையைச் செருமுகிறார், நான் செருமியது போலவே.

தட்டுகிறார்.

"கிட்டங்கி அண்ணே, பசியாற வாங்க. கோப்பி ஆறுது."

போகிறேன்.