அக்கரை வரைக்கும்

மார்ச் 4

நானும் கடலுக்கு வருகிறேன் என்றதற்குக் கொழுந்தன் வாசலிலேயே நின்று சொல்லிவிட்டுப் போனார்: "நீச்சல் தெரியாத ஆளைப் படகுல ஏத்த முடியாது அண்ணி. பேசாம படகை எனக்கு எழுதிக் குடுத்துடுங்க."

என் வீட்டுக்காரருக்கு இடுப்பு ஒடிந்ததிலிருந்து எங்கள் படகைக் கொழுந்தன்தான் ஓட்டுகிறார். அதற்காக அவருடையதாகிவிடுமா? மாட்டேன். நானே கடலுக்குப் போகிறேன்.

நீச்சல்தானே? குளம் எதற்கு இருக்கிறது?

மார்ச் 5

முழங்கால் வரை இறங்கினேன். ஒரே சேறு. வாத்துகள்கூட என்னைப் பார்த்து ஒதுங்கிப் போயின.

மார்ச் 11

மூக்கெல்லாம் தண்ணீர். குளத்தைச் சுற்றியுள்ள மூன்று குடியிருப்புகளின் பெண்களும் துவைப்பதை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஐஸ் கடைக்காரர் மனைவி, "இந்த வயசுல இதெல்லாம் தேவையா அக்கா?" என்றாள். தேவைதான். வயசானால் என்ன, செத்தா போய்விட்டேன்?

வீட்டுக்காரர் கம்பை ஊன்றிக்கொண்டு வந்து படியில் உட்கார்ந்திருந்தார். "மூழ்கினா கத்து. கம்பை நீட்டறேன்."

"நீட்டினா நீங்கதான் உள்ள விழுவீங்க."

சிரித்தோம். வீட்டுக்கு வந்து அழுதேன். இந்த உடம்பு ஏன் மிதக்கமாட்டேன் என்கிறது?

மார்ச் 19

மிதந்தேன்! இறுக்கிப் பிடிக்காமல் விட்டதும் தண்ணீரே தூக்கிவிட்டது.

ஏப்ரல் 2

எல்லோர் கண்முன்னாலும் அக்கரையைத் தொட்டேன். கொழுந்தன் முகத்தில் ஈயாடவில்லை. "குளம் வேற, கடல் வேற அண்ணி" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! "சரி தம்பி, இந்தக் குளத்தை நீங்க ஒரு தடவை நீந்திக் காட்டுங்க. நான் வாயை மூடிக்கறேன்."

செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வேலை இருக்கிறது என்று நழுவிவிட்டார். மீசை முளைத்த நாளிலிருந்து கடலுக்குப் போகிறவர்!

"பயலுக்கு நீச்சல் தெரியாதுன்னு எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்" என்கிறார் வீட்டுக்காரர்.

ஏப்ரல் 3

படகில் ஏறினேன். கொழுந்தன் வலையின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார். குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி. ஆனாலும் வலையை விடவில்லை.

ஏப்ரல் 9

விடியற்காலையில் குளத்துக்குப் போனால், எனக்கு முன்னால் ஒருவர். இடுப்பளவு தண்ணீரில் நின்று இரண்டு கையாலும் படியைப் பிடித்துக்கொண்டிருந்தார் கொழுந்தன்.

"அண்ணி... யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"சொல்லலை. முதல்ல படியை விடுங்க தம்பி. நான் உங்களைப் பிடிச்சுக்கறேன்."

வெகுநேரம் கழித்துத்தான் படியை விட்டார்.