மாப்பிள்ளையின் எடை

மார்ச் 3, செவ்வாய்

அக்கா இன்று என் சரித்திரத்தை ஒப்பித்தாள். கல்லூரி, இரண்டாம் வருடத்தில் விட்டது. கம்ப்யூட்டர் வகுப்பு, ஒரே மாதம். நீச்சல், தண்ணீர் ஜில்லென்று இருந்ததால் முதல் நாளே. "தண்ணியில நிக்க முடியாதவ இப்ப நெருப்புல நிக்கப் போறாளாம்" என்று அத்தானிடம் சொன்னாள். அத்தான் ஒரு வாஷிங் மெஷினின் வயிற்றுக்குள் தலையை விட்டிருந்தார். "நிக்கட்டும், நிக்கட்டும்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அவருடைய ரிப்பேர் கடையில்தான் எனக்கு வேலை. அவர் கழற்றும் ஸ்குரூக்களைத் தொலைக்காமல் வைத்திருப்பது.

விஷயம் இதுதான். எங்கள் ஊர் தீயணைப்பு நிலையத்தில் சம்பள ஆள் யாரும் இல்லை, எல்லாரும் தன்னார்வலர்கள். இதுவரை ஹெல்மெட் கிடைத்தவர் ஓடலாம் என்பதுதான் சட்டம். இப்போது தலைமையகத்திலிருந்து தகுதி விதிகள் வந்திருக்கின்றன. முதல் நிலை: கூட்டத்தை ஒதுக்கலாம். இரண்டாம் நிலை: தண்ணீர்க் குழாயைப் பிடிக்கலாம். மூன்றாம் நிலை: எரியும் கட்டடத்துக்குள் போகலாம். மூன்றாம் நிலையில் நாலு பேராவது தேறாவிட்டால் வண்டியைப் பக்கத்து ஊருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

மூன்று பேர் இருந்தார்கள். நாலாவது ஆளைத் தேடிக் கேப்டன் அலைந்தார். கேப்டனுக்குப் பிழைப்பு தையல் கடை. சட்டைக்கு அளவெடுக்கும்போதே எல்லாரையும் கேட்டாராம். டேப் கழுத்தில் இருக்கும்போதுகூட ஒருவரும் சம்மதிக்கவில்லை. நான் போய் நின்றேன்.

"நடுவுல ஓடிர மாட்டியேம்மா?"

"ஓடுனா உள்ளதான் ஓடுவேன், கேப்டன்."

மார்ச் 8, ஞாயிறு

முதல் பயிற்சி. ஆளை இழுத்துப் பழகும் பொம்மைக்கு இங்கே மாப்பிள்ளை என்று பெயர். அவன் சும்மா படுத்துக் கிடப்பான், மற்றவர்கள்தான் சுமக்க வேண்டும் என்பதால் மாஸ்டர் வைத்தது. மாஸ்டர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர், எங்கள் வண்டியின் ஓட்டுநரும் அவரே. தீயை நோக்கிப் போகும்போதும் இண்டிகேட்டர் போட்டுத்தான் திரும்புவார்.

மாப்பிள்ளையை மைதானத்தின் இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோட்டுக்கு ஒரு நிமிடத்துக்குள் இழுக்க வேண்டும். பின்னால் நின்று அக்குளுக்குள் கை கொடுத்து, மார்பில் பூட்டி, பின்பக்கமாக நடப்பது. ஜெராக்ஸ் கடைப் பையன் குண்டூசி அரை நிமிடம். நான் பத்தொன்பது விநாடி. கேப்டன் பன்னிரண்டு.

"மாவட்டத்துலயே இந்த வேகம் கிடையாது" என்றார் கேப்டன்.

என் பெயரைக் கரும்பலகையில் எழுதினார்கள். வாழ்க்கையில் முதல் முறையாக நல்ல காரணத்துக்காக.

மார்ச் 15, ஞாயிறு

எழுத்துத் தேர்வுக்கு வகுப்பு. தலைமையகம் அனுப்பிய கேள்வி: "தீ பரவும் கட்டடத்தை அடைந்ததும் தன்னார்வலர் முதலில் செய்ய வேண்டியது யாது?" மாஸ்டர், தண்ணீர் அடிப்பது என்று எழுதினார். தவறு. குண்டூசி, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கேட்பது என்று எழுதினான். அதுவும் தவறு. சரியான விடை: தன் தகுதி நிலையைச் சரிபார்த்துக்கொள்வது.

"அதுக்குள்ள வீடு போயிருமே" என்றான் குண்டூசி.

"போனா போகட்டும், மார்க்கு போகக் கூடாது" என்றார் கேப்டன்.

மார்ச் 19, வியாழன்

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

கடையில் அத்தானுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. இரண்டு மெஷின்களுக்கு நடுவில் மல்லாக்க விழுந்து கிடந்தார். "அசைக்காதீங்க, அசைக்காதீங்க" என்று அவரே கத்தினார். நான் நிதானமாக, "எல்லாரும் விலகுங்க" என்றேன். எல்லாரும் என்றால் அக்கா மட்டும்தான். பின்னால் போய், அக்குளுக்குள் கை கொடுத்து, மார்பில் பூட்டி, இழுத்தேன்.

அத்தான் வரவில்லை. அவர் சட்டை வந்தது.

மறுபடி இழுத்தேன். என் செருப்பு வழுக்கி நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பத்தொன்பது விநாடியாமே, பத்தொன்பது விநாடி." கடைசியில் பக்கத்துக் கடைக்காரர்கள் மூன்று பேர் வந்தார்கள்.

அத்தான் குண்டுதான். ஆனாலும் அவ்வளவா?

மார்ச் 20, வெள்ளி

சந்தேகம் தூங்கவிடவில்லை. காலையில் மாப்பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பழைய இரும்புக் கடைக்கு நடந்தேன். தெரு முழுக்க வேடிக்கை. "யாரும்மா அது?" என்றார் ஒருவர். "மாப்பிள்ளை" என்றேன். "இப்பவே இப்படியா?" என்றார்.

எடைத் தட்டில் படுக்க வைத்தேன். இருபத்தாறு கிலோ. அத்தான் எண்பத்தெட்டு.

வயிற்றை அமுக்கிப் பார்த்தேன். தலையணை மாதிரி உள்ளே போய் வருகிறது. இத்தனை நாள் நாங்கள் இழுத்தது ஆளையா, மெத்தையையா?

மார்ச் 22, ஞாயிறு

கேப்டனிடம் நேராகவே கேட்டேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சில வருடங்களுக்கு முன் தையல் விட்டுப்போய் மணல் கொட்டிவிட்டதாம். இவர் கடையிலிருந்து வெட்டுத்துணியை அடைத்து, தானே தைத்தாராம். பிறகு எங்கே கிழிந்தாலும் வெட்டுத்துணிதான். வருடா வருடம் மாப்பிள்ளை இளைத்தான், இவர்கள் வேகம் கூடியது.

"தையலைப் பாரு, ஒரு நூல் வெளிய தெரியுதா?" என்றார்.

"தையலை யாரு கேட்டா கேப்டன்? ஆள் கனம் இல்லையே."

"ஆள் மாதிரி இருக்கா இல்லையா?"

"இருக்கான். தீ வந்தா அவனை மட்டும் காப்பாத்திரலாம்."

மாஸ்டர் சமாதானத்துக்கு வந்தார். "பாப்பா, முதல்ல தேர்வு முடியட்டும். வண்டி நம்மகிட்ட தங்கட்டும். அப்புறமா மணல் போட்டுக்கலாம்." குண்டூசி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நீ என்னடா சொல்ற?" என்றேன். "எனக்கு அரை நிமிஷம் ஆகுது, இதுல மணல் வேறயா" என்றான்.

மார்ச் 23, திங்கள்

விட்டுவிட்டேன். அக்காவிடம் சொன்னேன். "காலண்டர்ல குறிச்சே வச்சிருந்தேன், ஒரு வாரம் லேட்டு" என்றாள்.

மார்ச் 27, வெள்ளி

நான் விலகினால் மூன்று பேர்தான், வண்டி போய்விடும். மணலைப் போட்டால் ஒருவரும் தேற மாட்டோம், அப்போதும் போய்விடும். வாயை மூடிக்கொண்டு இருந்தால் வண்டி இங்கேயே நிற்கும். ஆனால் அது கொண்டுபோய் இறக்கிவிடும் நாலு பேரில் ஒருத்தருக்கும் ஓர் ஆளை இழுக்கத் தெரியாது. கழுத்தில் தகுதி அட்டை மட்டும் தொங்கும்.

மத்தளத்துக்காவது இரண்டு பக்கம்தான் இடி.

திரும்பப் போனேன். கேப்டன் என் ஹெல்மெட்டை எடுத்து நீட்டினார், அவ்வளவுதான்.

ஏப்ரல் 4, சனி

நாளை தேர்வு. மத்தியானம் நிலையத்தில் யாரும் இல்லை. பின்னால் யாரோ வீடு கட்ட மணல் கொட்டி வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளையை மைதானக் கோட்டில் கிடத்தி வயிற்றைப் பிரித்தேன். துணிக் குப்பை வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. ஊரில் பாதிப் பேருடைய சட்டையின் மிச்சம் அதற்குள் இருந்தது. மணலைப் பையில் கட்டிக் கட்டி உள்ளே வைத்தேன். எனக்குத் தையல் வராது. அத்தான் கடைக் கம்பியால் முறுக்கிக் கட்டினேன். கேப்டன் பார்த்தால் எடையைவிட இதற்குத்தான் கோபப்படுவார்.

சொல்லாமல் செய்வது தப்புதான். சொன்னால் செய்ய விடுவார்களா?

ஏப்ரல் 5, ஞாயிறு

மைதானத்தைச் சுற்றி ஊரே நின்றது. பரிசோதகர் தலைமையகத்திலிருந்து வந்திருந்தார், இஸ்திரி கலையாத ஆள். முதலில் கேப்டன். கூட்டத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, குனிந்து, பூட்டி, ஒரே இழுப்பு. கேப்டன் மட்டும் பின்னால் போனார். மாப்பிள்ளை போட்ட இடத்திலேயே கிடந்தான்.

முதலில் யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள்.

கேப்டன் கம்பிக் கட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நான்தான்" என்றேன். "எழுபத்தஞ்சு கிலோ. ஒரு ஆள் அளவுக்கு."

பரிசோதகர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். பொம்மை ஆரஞ்சு நிறத்தில் இருக்க வேண்டும். இரண்டு கை, இரண்டு கால் வேண்டும். உயரம் போட்டிருக்கிறது. முகம் இருக்கக் கூடாது. "எடை பத்தி ஒண்ணும் இல்லையே" என்றார். மணியைப் பார்த்தார். "ஒண்ணு செய்யுங்க, மணலை எடுத்துருங்க. நான் சாப்பிட்டுட்டு வந்துர்றேன். எல்லா ஊர்லயும் தேறிட்டாங்க, உங்களால எனக்கு லேட்டாகுது."

மாஸ்டர் கம்பியை அவிழ்க்கக் கை வைத்தார். அப்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஹோட்டலம்மா வந்தாள். அவள் நடந்தால் பெஞ்சு நகர்ந்து வழிவிடும், அந்த உடம்பு.

"கேப்டன், ஒரு சந்தேகம். நாளைக்கு என் அடுப்படியில தீப்பிடிச்சு நான் உள்ள மாட்டிக்கிட்டா, நான் மணலா, துணியா?"

மாஸ்டர் கையை எடுத்துவிட்டார்.

குண்டூசி ஒரு முழம் நகர்த்தினான். மாஸ்டர் அதுவும் இல்லை. நான் கோடு வரைக்கும் இழுத்தேன், ஆனால் நிமிடம் இரண்டு தாண்டிவிட்டது. நாலு பேரும் தோல்வி.

ஏப்ரல் 7, செவ்வாய்

வண்டி போய்விட்டது. மாஸ்டரே ஓட்டிக் கொண்டுபோய் விட்டார், இண்டிகேட்டர் போட்டு. கேப்டன் கடையை விட்டு வெளியே வரவில்லை. அக்கா சொன்னாள்: "காலேஜை விட்ட, நீச்சலை விட்ட, இப்ப ஊர் வண்டியையே விட்டுட்ட."

மே 2, சனி

எழுத வரல.

ஹோட்டலம்மா அடுப்படி பத்திக்கிச்சு. அவங்க அன்னைக்குச் சொன்ன அதே அடுப்படி. போன் போட்டாச்சு, பக்கத்து ஊர்ல இருந்து வண்டி வரணும், வரவே இல்ல. வாளி, குடம், கையில கிடைச்சதெல்லாம் வச்சு ஊத்தினோம். அவங்க கடைக்கு வெளிய இருந்தாங்க, அது ஒண்ணுதான் புண்ணியம். பாதிக் கூரை போச்சு. எல்லாம் முடிஞ்சு சாம்பலான பிறகு வண்டி வந்துச்சு, வந்தவனுங்க கழுத்துல புது அட்டை.

என்னாலதானே? நான் பேசாம இருந்திருந்தா வண்டி இங்கயே நின்னிருக்கும். துணிப் பொம்மையா இருந்தா என்ன, தண்ணியாவது அடிச்சிருக்கலாமே. நான் யாரு பெரிய நீதி சொல்ல?

கேப்டன் சாம்பல் பூசின முகத்தோடு என் பக்கத்தில் வந்து நின்றார். ஒரு மாதமாக என்னோடு பேசாதவர். திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"அன்னைக்குக் கோடு வரைக்கும் இழுத்தியே. முதுகை வளைச்சியா, முழங்காலை மடக்குனியா?"

"முழங்காலை."

"ம்" என்றார். போய்விட்டார்.

மே 10, ஞாயிறு

நிலையத்தில் மாப்பிள்ளையைக் காணோம். எரித்துவிட்டார்களோ என்று கேப்டன் கடைக்கு ஓடினேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே தையல் மெஷின்களை ஓரம் தள்ளிவிட்டு, கேப்டன் வியர்க்க வியர்க்க மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். என் கம்பிக் கட்டு போய் இரட்டைத் தையல் வந்திருந்தது.

"பாத்துட்டு நிக்கிற? காலைப் புடி, சுவத்துல இடிக்குது."

ஜூன் 7, ஞாயிறு

மறுதேர்வு, மணல் மாப்பிள்ளையோடுதான். நாலு பேரும் தேறினால் வண்டி திரும்பி வரும். குண்டூசி தேறினான். இரண்டு மாதத்தில் அவனுக்குத் தோள் என்று ஒன்று முளைத்திருக்கிறது. நான் தேறினேன். மாஸ்டர் ஒரு நொடி மிச்சம் வைத்துத் தேறிவிட்டு அங்கேயே படுத்துக்கொண்டார், அவரையும் இழுக்க வேண்டியதாயிற்று.

கேப்டன் நாலு விநாடி தாமதம்.

பரிசோதகர் பேனாவைத் தட்டினார். "நாலு விநாடிதானே, ஒரு நிமிஷம்னு போட்டுக்கவா?"

சொல்ல வேண்டியது என் வாய் நுனி வரை வந்தது. இந்த முறை, சத்தியமாக, 'போட்டுக்கங்க' என்றுதான் வந்தது. அந்தக் கூரையை நான் பார்த்தவள்.

"உள்ளதைப் போடுங்க" என்றார் கேப்டன். "அடுத்த மாசம் வாங்க, சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாடியே முடிச்சுத் தர்றேன்."

ஜூலை 14, செவ்வாய்

கேப்டனும் தேறி, வண்டி திரும்பி வந்துவிட்டது. நிறுத்த இடம் பற்றாமல் காலையிலிருந்து சண்டை. அது இல்லாத நாட்களில் யாரோ அங்கே விறகு அடுக்கிவிட்டார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் ஹாரனை வேறு உடைத்து அனுப்பியிருக்கிறார்கள். அத்தான் சரி செய்து தருவதாகச் சொன்னார். ஸ்குரூக்களைப் பார்த்துக்கொள்வது நான்.

தலைமையகத்திலிருந்து புதுப் பொம்மையும் வந்தது. எடை விதியில் இல்லை என்று போன மாதம் நாங்கள் எழுதிக் கேட்டிருந்தோம், அதற்குப் பதில். இப்போது எடை போட்டிருக்கிறார்கள்: தன்னார்வலர்களின் முதுகு நலன் கருதி, இருபத்தைந்து கிலோ. கேப்டன் அதை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுக் கடைக்கு எடுத்துப் போய்விட்டார். கண்ணாடிக்குப் பின்னால் கட்டம் போட்ட சட்டையில் நிற்கிறது. அதே மாதிரி வேண்டும் என்று இரண்டு பேர் துணி கொடுத்துவிட்டார்களாம்.

சாயங்காலப் பயிற்சிக்கு ஹோட்டலம்மா வந்தாள். மாப்பிள்ளை பக்கத்தில், மைதானத்துப் புல்லிலேயே, மெதுவாகப் படுத்தாள். தலையைத் திருப்பி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னை விடக் குறைச்சலாத்தான் இருக்கான்" என்றாள்.

கேப்டன் ஊசியில் நூல் கோத்தார். நான் இன்னொரு பை மணல் கொண்டுவரப் போனேன்.