அம்மா எங்கே என்று கேட்டார்கள்

அன்புள்ள கப்பல்காரருக்கு,

இல்லை, இன்னும் கையெழுத்துப் போடவில்லை. வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறது. சம்மதப் படிவம் ஃபிரிட்ஜ் மேல் கிடக்கிறது. நானும் நம் பெண்ணும் நலம்.

போனில் கேட்டீர்கள். எஞ்சின் இரைச்சலில் நீங்கள் கத்துவீர்கள், நான் சரி சரி என்று சொல்லிவிடுவேன். எழுதும்போது சரி சொல்ல வேண்டியதில்லை. அதனால் எழுதுகிறேன்.

அவளைப் பேச்சுச் சோதனைக்குக் கூட்டிப்போன அன்று நடந்ததை முழுதாகச் சொல்லவில்லை.

இரண்டாம் மாடி அறை. முழங்கால் உயர நாற்காலிகள். மேஜையில் ஒரு பொம்மை, ஒரு பந்து, ஒரு கரண்டி. சோதித்த பெண் மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். நல்ல மாதிரிதான். காது நன்றாகக் கேட்கிறது என்று முதலில் சொன்னார். பிறகு என்னிடம் கேள்விகள். ஒரு நாளைக்குக் குழந்தையோடு எத்தனை நிமிடம் பேசுவீர்கள்?

பேச்சை நிமிடத்தில் அளப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. நாம் வளர்ந்த வீடுகளில் யார் நம்மை உட்காரவைத்துப் பேசினார்கள்? பெரியவர்கள் தங்களுக்குள் பேசினார்கள், சண்டை போட்டார்கள். நாம் நடுவில் கிடந்தோம். பேச்சு தானாகக் காதில் விழுந்தது. இந்த வீட்டில் விழுவதற்கு ஒன்றும் இல்லை.

அவர் கேட்டதற்கெல்லாம் நம் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். பெரியவர்களை முறைத்துப் பார்க்காதே என்று பழக்கியது நான்தான். கண்ணைப் பார்ப்பதில்லை என்று எழுதிக்கொண்டார்.

கடைசியில், உங்கள் மொழியிலேயே கேளுங்கள் என்றார். அம்மா எங்கே என்று.

கேட்டேன். அவள் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

மறுபடி கேட்கச் சொன்னார். மறுபடியும் நெஞ்சையே. இந்த முறை சிரித்துக்கொண்டு. சரியாகச் சொல்லிவிட்ட சிரிப்பு.

தாயை அடையாளம் காட்டவில்லை என்று அறிக்கையில் இருக்கிறது. போனில் நீங்கள் இரண்டு தரம் படிக்கச் சொன்னீர்களே, அந்த வரி. குறையுள்ள பிள்ளைகளுக்கான தனிப் பள்ளிக்கு அனுப்பலாம் என்பது அதற்கு அடுத்த வரி.

பேருந்தில் அவள் தூங்கி விழுந்தாள். சாஞ்சுக்கோம்மா என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது.

வாம்மா. சாப்பிடும்மா. அழக்கூடாது, என் அம்மா இல்ல. நீங்களும் அப்படித்தான், போனை எடுத்ததும் அம்மாடி என்றுதான் அவளைக் கொஞ்சுவீர்கள். இந்த வீட்டில் அம்மா என்றால் அவள். என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. நீங்கள் எனக்கு வைத்த பெயர் வாத்து. அவள் கூப்பிடுவதே இல்லை, சட்டை நுனியை இழுப்பாள். நாலு பேர் இருக்கும் வீடாக இருந்தால், அம்மா கூப்பிடறாங்க போ என்று யாராவது ஒருவர் சொல்லியிருப்பார்கள். பிள்ளை தானாகப் பிரித்துக்கொண்டிருக்கும்.

போன வருடம் பாலர் பள்ளியில், வீட்டிலும் இந்த நாட்டு மொழியே பேசுங்கள் என்றார்கள். நீங்கள் தலையாட்டினீர்கள். நானும். உங்களுக்கு அந்த மொழி நன்றாக வரும். நீங்கள் கடலில். எனக்கு வருவது கடைமொழி. எவ்வளவு, வேண்டாம், நன்றி. தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிடுவேனோ என்று பயந்து, சொல்வதையே விட்டேன். இதை உங்களிடம் இதுவரை சொன்னதில்லை. ஒரு வருடம் அவளோடு ஏறக்குறைய பேசாமல் இருந்திருக்கிறேன். கொஞ்சும்போது மட்டும் வாய் அடங்கவில்லை. அந்த ஒரு சொல்தான் அவளிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

ஊரில் இருக்கும் அக்காவிடம் போனில் சொன்னேன். நீ ஊமைச்சாமியா உக்காந்திருந்தா பிள்ளை என்னடி, பிரசங்கமா பண்ணும் என்றாள். சிரித்தோம்.

அவளுக்குக் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கலாம். மூன்றரை வயது. எனக்குத் தெரியாது. அவங்க படிச்சவங்க, உனக்கென்ன தெரியும் என்றீர்கள். நானும் படித்தவள்தான். இந்த ஊருக்கு அது தெரியாது, உங்களுக்குத் தெரியும். ஒன்று மட்டும் எனக்கு நிச்சயம். அந்தக் கேள்விக்கு அவள் சொன்னது சரியான பதில். அதைத் தப்பு என்று எழுதிய அறிக்கையை ஒப்புக்கொண்டு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?

கோபப்படாதீர்கள். அடுத்த முறை கூப்பிடும்போது என்னிடம் ஒன்றும் விசாரிக்க வேண்டாம். அவளிடம் பேசுங்கள். எஞ்சின் அறையின் சூட்டைப் பற்றி, உங்கள் சமையல்காரர் அள்ளிப் போடும் உப்பைப் பற்றி, எதையாவது. நம் மொழியில். பதில் வராவிட்டாலும் வைத்துவிடாதீர்கள். நான் போனை அவள் காதோடு பிடித்துக்கொண்டு நிற்பேன்.

கடல் உங்களைப் பத்திரமாகத் திருப்பித் தரட்டும்.

இப்படிக்கு,
வாத்து

வியாழன் மதியம், உறையை ஒட்டும் முன்: படிவத்தின் பின்பக்கத்தில் நடந்ததை நம் மொழியிலேயே எழுதினேன். ஒரு பக்கம் முழுதும் வந்தது. படிக்க ஆள் தேடுவது அவர்கள் பாடு. அவளையும் கூட்டிக்கொண்டு போய், கையெழுத்துப் போடாமலே இரண்டாம் மாடியில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டதற்கு முத்திரை கேட்டேன், போட்டார்கள். இறங்கும்போது அவள் காதில் விழப் படிகளைச் சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தேன்.